ஓடக்காரர் பாதியில் விட்ட வாக்கியம்

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் சாவியை எங்கே வைத்துவிட்டு வந்தோம்? மருமகளின் கைப்பையில், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் பையில் கண்ணாடிக் கூடு இருந்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நடக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டுக்குள் சாவி கடகடவென்று பேசிக்கொண்டே வந்தது.

சாவிக்குரிய வீடு, லிப்ட் கம்பெனிக்கு அடுத்த தெருவில் இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாகக் காத்திருக்கிறது. குடிபோகப் போவது மருமகளும் அவள் கணவனும். மாமியாருக்கும் மாமனாருக்கும் இன்னும் சொல்லவில்லை. "நான் சொல்லிக்கறேன், என் அம்மாதானே" என்று கணவன் ஏற்றுக்கொண்டு வாரங்கள் ஓடிவிட்டன. அவன் லிப்ட் மெக்கானிக். பல மாடிக் கட்டடத்தின் குழிக்குள் இடுப்பில் கட்டிய கயிற்றோடு தொங்கியபடி பாட்டுப் பாடுகிறவன். அம்மா எதிரில் வந்து நின்றால் மட்டும் நாக்கு இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும்.

இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று லீவு போட்டிருந்தான். மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"அம்மா ரொம்ப நாளா ஒரு அலமாரி கேட்டுட்டு இருந்தாங்க. மொதல்ல இதை மாட்டிக் கொடுத்துட்டா, அப்புறம் சொல்றதுக்கு ஒரு இது இருக்கும்."

"எது இருக்கும்?"

"ஒரு இது."

கடையைக் காலி செய்யப் போகிறவன் முதல்நாள் வாசலுக்கு வர்ணம் அடித்தானாம். மருமகள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். ஸ்டூலையும் மகனையும் ஒரு பார்வையில் எடை போட்டார்.

"அம்மா, ஸ்டூல் ஆடுது. கொஞ்சம் பிடியேன்."

"ஸ்டூல் ஆடுனா ஆடட்டும். நீ ஆடாத."

அப்போது மூடியிருந்த அறைக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. மாமனார். மொத்த வியாபாரக் கடைத் தெருவில் தரகராக இருந்தவர். வாயை வைத்துப் பிழைத்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் வெறும் மூச்சாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மருமகள் இந்த வீட்டுக்கு வந்தாள். அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. எது வேண்டுமானாலும் மேசையையோ கதவையோ இரண்டு தட்டுத் தட்டுவார். மற்றபடி பகல் முழுக்க அறையில் போனும் கையுமாக இருப்பார். சதுரங்கம் ஆடுகிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

"வெந்நீர்தானே, இதோ வர்றேன்" என்று மாமியார் உள்ளே போனார். போகிறபோக்கில் மருமகளைப் பார்த்து, "போறது சரி, வர்றது எப்போ?" என்றார்.

தினமும் கேட்கிற கேள்விதான். ஆனால் பையில் சாவி இருக்கிற நாளில் அது வேறு மாதிரிக் கேட்டது.

"சாயந்திரம் வந்துடுவேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். சாவி கடகடவென்றது.

*

கண்ணாடிக் கடையில் மதிய இடைவேளை என்பது முதலாளி சாப்பிடப் போகிற நேரம். யாராவது வாடிக்கையாளர் வந்தால் இடைவேளை முடிந்தது. வராத வரைக்கும் மருமகள், மருமகள் இல்லை, மணியம்.

'இரும்பாறு' என்கிற இணைய ஆட்டத்தைப் பற்றி முன்பே சொன்னோம். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை. அதில் படம் ஓடாது, குண்டு வெடிக்காது. எல்லாம் எழுத்துதான். ஒரு கற்பனை நாடு, நடுவில் துரு நிறத்தில் ஒரு ஆறு, கரை நெடுகக் கோட்டைகள். ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, தன் வேஷம் என்ன செய்தது, என்ன சொன்னது என்று போனில் தட்டுவார்கள். அடுத்தவர் வேஷத்தை நகர்த்தக் கூடாது. 'நான் வாளை வீசினேன்' என்று எழுதலாம். 'அவன் செத்தான்' என்று எழுத முடியாது. சாவதா வேண்டாமா என்பது அவன் பாடு.

இவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கூட்டி வந்து ஆட்டத்தை நடத்துகிறவர்தான் மணியம். ஒருத்தருக்குப் பொழுது விடிகிற நேரம் இன்னொருத்தருக்கு வேலை முடிகிற நேரம். கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடுவதைவிடக் கஷ்டம். இதில் சாப்பாடும் கிடையாது. அதோடு யாருக்கு எது தெரியும் என்பதையும் மணியம் தலையில் வைத்திருக்க வேண்டும். கோட்டைக்குள் துரோகி யார் என்று ஒரு ஆட்டக்காரர் படித்திருப்பார். ஆனால் அவருடைய வேஷம் அப்போது ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வேஷத்துக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டினால் மணியம் தனியே கூப்பிட்டுக் காதைத் திருகுவார். தெரிந்ததைத் தெரியாத முகத்தோடு வைத்துக்கொள்வதுதான் ஆட்டத்தில் பாதி. குடும்பத்தில் முக்கால்வாசி.

இன்னொரு விதி: வேஷத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று யாரும் கேட்கக் கூடாது. யூகிக்கக் கூடாது என்று விதி இல்லை. நாடு கடத்தப்பட்ட இளவரசி, கத்தி கழுத்துக்கு வந்திருக்கும்போது 'மணி அடிச்சிருச்சு, வகுப்புக்குப் போறேன்' என்று ஓடுவாள். யாரோ ஒரு வாத்தியார், மீசைகூட இருக்கலாம். ஒற்றைக்கண் வீரன் ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் ரொட்டி அடுப்பைப் பார்த்துவிட்டு வருவான்.

பிடிபடாத ஆள் ஓடக்காரர் ஒருவர்தான். போன மழைக்காலத்தில் வந்து சேர்ந்தார். வாள் கேட்கவில்லை, மந்திரம் கேட்கவில்லை. ஒரு படகும் துடுப்பும் போதும் என்றார். ஆனால் அவர் படகில் ஏறுவது கோட்டையைப் பிடிப்பதைவிடச் சிரமம். இளவரசி ஒருமுறை கூலியாகத் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"மோதிரத்தைக் கடிச்சா பல்லுதான் போகும். உப்பு இருந்தா குடு" என்றார் ஓடக்காரர்.

எத்தனை உப்பு என்று கேட்டதற்கு, "நீயே சொல்லு" என்றார். இளவரசி ஒரு பிடி என்றாள். ஓடக்காரர் ஒன்றும் பேசாமல் கட்டிய கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். அவ்வளவுதான். இளவரசியே இரண்டு பிடிக்கு வந்துவிட்டாள். விலையை முதலில் சொன்னவன் பாதி தோற்றவன் என்பது சந்தையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மருமகள் கடையில் தனியாகச் சிரித்தாள்.

கயிற்றை அவிழ்க்குமுன் அவர் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "போறது சரி. திரும்பி வர்றதுக்கு யார் பொறுப்பு?" காலிப் படகாகத் திரும்பினால் ஓடக்காரனுக்கு நஷ்டம் என்பது அவர் நியாயம்.

காட்சி ஏற்பாடுகளைப் பேச மணியத்துக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தனி அரட்டை உண்டு. அதில் மருமகள் ஓடக்காரரிடம் படகைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியிருக்காது. ஒருநாள் அலுப்பில், 'எங்கள் வீட்டிலும் ஒரு தளபதி இருக்கிறார். சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட உத்தரவு வரும்' என்று எழுதிவிட்டாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. புது வீடு பார்த்ததையும் எழுதினாள், சாவி வாங்கியதையும் எழுதினாள், சொல்ல முடியாமல் தவிப்பதையும் எழுதினாள்.

ஓடக்காரர் சொன்னது இது: 'தளபதிகிட்ட மதில் ஏறிக் குதிச்சுப் போகாத. கதவைத் தட்டிப் போ. சீக்கிரம் சொல்லு. பழைய சரக்கும் பழைய ரகசியமும் நாளாக நாளாக விலை போகாது.'

*

இன்று மதியம் இளவரசி ஆற்றைக் கடந்தாக வேண்டும். எதிர்க்கரைக் கோட்டைக் கதவு மூடினால் அவள் தம்பிக்கு முடிசூட்டிவிடுவார்கள். இந்த ஒரு காட்சிக்காக மணியம் நாள்கணக்கில் ஆட்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, எல்லாரும் விழித்திருக்கிற ஒரு துண்டு நேரத்தைப் பிடித்திருந்தாள். எல்லாரும் வந்தார்கள். உப்பு கைமாறியது. கயிறு அவிழ்ந்தது. படகு நடு ஆற்றுக்குப் போயிற்று.

"வலது பக்கம் சாயாதீங்க, அங்க சுழல் இருக்கு. நான் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து இடது பக்கம்" என்று எழுதினார் ஓடக்காரர்.

அதோடு நின்றது.

எல்லாரும் காத்திருந்தார்கள். இடது பக்கம் என்ன? குதிப்பதா, குனிவதா? ஓடக்காரர் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்துபோயிருந்தது.

இந்த நேரம் பார்த்து ஒருவர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார். கையில் கண்ணாடி, இன்னொரு கையில் அதன் காது.

"இதை ஒட்டிக் கொடுக்க முடியுமா?"

"ஒட்ட முடியாது சார். ஸ்க்ரூ போட்டுத் தரேன்."

"ஸ்க்ரூ மறுபடியும் கழண்டுடுமே."

"கழண்டா மறுபடியும் வாங்க சார். எங்களுக்கும் ஆள் வந்த மாதிரி இருக்கும்."

அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மருமகள் ஒரு கையால் பொடி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே போனைப் பார்த்தாள். இளவரசி எழுதியிருந்தாள்: 'மணியம், எனக்கு மணி அடிக்கப் போகுது.' ஒற்றைக்கண் வீரன்: 'ரொட்டி கருகினாலும் பரவாயில்லை, நான் இருக்கேன். ஆனா இந்தப் படகை யாராவது பிடிங்க.'

ஒரு ஆட்டக்காரர் நடுவில் காணாமல் போனால், மணியம் அவருடைய வேஷத்தைக் கைமாற்றிப் பிடிக்கலாம். எதுவரைக்கும் பிடிக்கலாம் என்பதைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது வழக்கம். ஓடக்காரர் கொடுத்த உத்தரவு மருமகளுக்கு மனப்பாடம்: 'நான் இல்லாட்டி துடுப்பைப் பிடி. கரை சேர்க்காத. கரை சேர்க்கறது என் வேலை.'

வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, அதன் காதைச் சூடு காட்டி வளைத்து, அனுப்பி வைத்துவிட்டுத் துடுப்பைப் பிடித்தாள்.

"ஓடக்காரர் துடுப்பை ஊன்றினார். 'தயவுசெய்து எல்லாரும் உக்காருங்க' என்றார்."

உடனே ஒற்றைக்கண் வீரன்: 'ஓடக்காரர் எப்போலேர்ந்து தயவு கேட்க ஆரம்பிச்சார்?'

உண்மைதான். அடுத்தவர் வேஷத்தைப் பிடிப்பது என்றால் அடுத்தவர் செருப்பில் காலை விடுவது. அளவு சேராவிட்டால் முதல் எட்டிலேயே தெரிந்துவிடும். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். படகு ஆடுகிறது. உள்ளே இருப்பவர்கள் பயந்து எழுந்து நிற்கிறார்கள். அந்த ஆள் என்ன சொல்லுவார்? யோசிக்கவில்லை, விரல் தானாகத் தட்டியது.

"படகு ஆடுனா ஆடட்டும். நீங்க ஆடாதீங்க."

'ஆங், வந்துட்டார்' என்றான் ஒற்றைக்கண் வீரன். இளவரசி உட்கார்ந்தாள்.

மருமகளின் கட்டைவிரல் மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை அவள் ஓடக்காரரிடம் வாங்கவில்லை. காலையில், ஹாலில், ஸ்டூலுக்குப் பக்கத்தில் வாங்கினாள்.

போறது சரி, வர்றது எப்போ? போறது சரி, திரும்பி வர்றதுக்கு யார் பொறுப்பு? இத்தனை மாதமாக ஒரே கடைச் சரக்கை இரண்டு வாசலில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சே, இருக்காது என்று நினைத்துக்கொண்டே கடைப் போனிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வீட்ல நெட் இருக்கா?"

"இல்ல. நெட் பெட்டி வயரை நான்தான் பிடுங்கினேன். ட்ரில் வயர் வேற எந்த பிளக்குக்கும் எட்டல."

"எப்போ பிடுங்கினீங்க?"

"இப்பதான், கொஞ்சம் முன்னாடி. ஏன்?"

"திரும்பப் போடுங்க."

"இன்னும் ஒரு ஓட்டைதான் பாக்கி."

"போடுங்கன்னா போடுங்க."

"நீ கடையில இருக்க. உனக்கெதுக்கு வீட்டு நெட்?"

"ஒரு காரியமாத்தான் கேக்கறேன். அத்தை என்ன பண்றாங்க?"

"அம்மாவா? போனைப் பார்த்துட்டு இருந்தாங்க. நெட் போச்சுன்னு இவ்வளவு நேரம் எனக்குத் திட்டு."

"வேற யாரும் வீட்ல இல்லையே?"

"அப்பா அவர் ரூம்ல. வேற யாரு வருவா? சரி, போட்டுட்டேன்."

கடைப் போன் அவள் காதில் இருக்கும்போதே கையிலிருந்த தன் போனில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"சாயுங்க" என்று வாக்கியத்தை முடித்தார் ஓடக்காரர்.

எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். படகு சுழலைத் தாண்டியது. இளவரசி கரையில் கால் வைத்த மாத்திரத்தில் அவளுக்கு மணி அடித்துவிட்டது.

தனி அரட்டையில் ஒரு செய்தி வந்து விழுந்தது: 'மணியம், நான் இல்லாதப்போ என் வாயில தயவுசெய்துங்கற வார்த்தையை வெச்சது யாரு?'

மருமகள் இன்னும் காதிலேயே இருந்த கணவனிடம், "அந்த விஷயம் சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"அலமாரி இன்னும் ஏறலயே" என்றான் அவன்.

*

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மருமகளுக்குக் காது சூடாக இருந்தது. தளபதி, சர்க்கரை டப்பா, உத்தரவு எல்லாவற்றையும் தளபதியிடமே எழுதியிருக்கிறாள். பாதித் தெரு தாண்டியதும் வேறொன்று தோன்றியது. அத்தனையும் படித்த பிறகும் அத்தை ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லையே. அதுவும் போக, சீக்கிரம் சொல்லு, கதவைத் தட்டிப் போ என்று அவரேதானே சொன்னார்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை நாளாகக் காத்திருக்கிறாரோ. நாம்தான் மதிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

அதை நினைத்தவுடன் நடை லேசாகிவிட்டது. பையில் சாவி பேசியதுகூட உற்சாகமாகத்தான் இருந்தது.

ஹாலில் அலமாரி ஏறியிருந்தது. ஒரு பக்கம் சற்றே மரியாதையாகக் குனிந்திருந்தது. கணவன் ட்ரில்லைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் கண் காட்டினான். 'இன்னும் இல்லை' என்பதற்கு அவன் முகத்தில் தனி எழுத்து உண்டு.

"விடுங்க, நானே பேசிக்கறேன்" என்றாள் மருமகள்.

சமையலறையில் மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. மருமகள் பக்கத்தில் போய் நின்றாள். நேராகக் கேட்க முடியாது; விதியைக் காப்பாற்ற வேண்டியவளே அதை மீறக் கூடாது. ஓரமாகத் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"அத்தை, இன்னைக்கு ஒரு படகு நடு ஆத்துல நின்னுடுச்சாம்."

"ஐயோ பாவம். எந்த ஊர்ல? ஆளுங்க பத்திரமா?"

அடேயப்பா, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள் மருமகள். தெரிந்ததைத் தெரியாத முகத்தோடு வைத்துக்கொள்வதில் இப்படி ஒரு கையை அவள் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் பத்திரம் அத்தை. ஓடக்காரர் கெட்டிக்காரர்."

"அவன் பொழப்பே அதுதானே. இதைக் கொஞ்சம் துடைச்சு வை."

மருமகள் துடைத்துக்கொண்டே, "காலைல ஒண்ணு சொன்னீங்களே, ஸ்டூல் ஆடுனா ஆடட்டும், நீ ஆடாதன்னு. பிரமாதம் அத்தை" என்றாள்.

"அது என் பேச்சா? உங்க மாமா சந்தைல பேசுன பேச்சு. லாரி ஆடுனா ஆடட்டும், விலை ஆடக் கூடாதும்பார். அவருக்குக் குரல் போனப்புறம், சும்மா கிடந்தா துருப் பிடிச்சுடுமேன்னு நான் எடுத்துப் புழங்கிட்டிருக்கேன்."

மருமகள் அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் மனம் முழுக்கப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டில் இருந்தது. அதை எடுத்துத் திறந்து மேடையில் வைத்தாள்.

"அத்தை, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. சுத்தி வளைக்கல. அந்த வீட்டுச் சாவி இதுதான்."

"எந்த வீட்டு?"

"லிப்ட் கம்பெனிக்கு அடுத்த தெரு. அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கோம். ஒரு வார்த்தை உங்ககிட்ட நேரா சொல்லணும் இல்ல, அதான்."

சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தெரிந்தவரிடம் சொல்கிற சிரிப்பு. முடிந்துபோன வியாபாரத்துக்குக் கைகுலுக்குகிற சிரிப்பு.

மாமியார் குழாயை மூடினார். சாவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவர் உதட்டில் எதுவோ ஒன்று தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே நின்றது.

அந்த முகத்தைப் பார்த்தவுடன் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. வருடக்கணக்காக எத்தனையோ பேர் வேஷங்களை அளந்து பார்த்தவள் அவள். இது வேஷம் இல்லை. இந்த முகத்துக்கு இந்தச் செய்தி இப்போதுதான் வந்திருக்கிறது.

மாமியார் ஹாலுக்குத் தலையை நீட்டினார். மகன் அலமாரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"அப்போ இந்த அலமாரி யாருக்குடா?"

மகன் ட்ரில்லைப் பார்த்தான்.

"வீட்டை விட்டுப் போறவன் பூட்டு வாங்குவான்னு கேள்விப்பட்டிருக்கேன். அலமாரி அடிச்சுக் கொடுத்துட்டுப் போறவனை இப்பதான் பாக்கறேன்."

"அம்மா, நான் சொல்லத்தான் இருந்தேன்."

"நீ சொல்ல இருந்த. இவ எனக்குத் தெரியும்னே சொல்றா." மாமியாரின் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு யாரு சொன்னா? இந்த வீட்ல எனக்கு யாரு என்ன சொல்றீங்க? சர்க்கரை எங்க இருக்குன்னு கேக்கறதோட சரி."

சர்க்கரை என்றதும் மருமகள் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். இப்படிச் சொல்லணும்னு நெனைக்கல."

"வேற எப்படிச் சொன்னாலும் சாவி அதேதானேம்மா." மாமியார் நுரை வழிகிற கையோடு நின்றார். கையைக் கழுவிக்கொள்ளவும் இல்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. தினமும் காலையில் கேட்கிற அதே குரலில், "போறது சரி" என்றார். மீதியைக் கேட்கவில்லை.

மேடையில், சாவிக்குப் பக்கத்தில் இருந்த போன் அதிர்ந்தது.

மருமகள் சும்மா கண்ணை ஓட்டினாள். ஓட்டிய கண் அங்கேயே நின்றுவிட்டது. தனி அரட்டை. ஓடக்காரர். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

'தளபதிகிட்ட சொல்லியாச்சா?'

மாமியாரின் இரண்டு கைகளும் அவள் கண் முன்னால், நுரைக்குள் இருந்தன. கணவன் கையில் ட்ரில் இருந்தது.

மருமகள் போனை எடுத்தாள். 'சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது.

'கேட்டுச்சு.'

அவள் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இன்னொன்று வந்தது.

'துடுப்பை அப்படியே பிடி. கரை சேர்க்கறது என் வேலை.'

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

"வெந்நீர் நேரம்கூட ஆகலயே" என்றார் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "உங்க மாமாவுக்கு என்னவாம், போய்க் கேளு."

மருமகள் போனாள். கைப்பிடியில் கை வைப்பதற்கு முன்பே கதவு உள்ளிருந்து திறந்தது.